ஆர்னி குடித்த இரண்டு பீர்

என் அண்ணன் ஆர்னி ஒரு வார இறுதியில் இரண்டு பீர்தான் குடிப்பவன். இதை நான் சொல்லவில்லை. எங்கள் மாவட்ட நலத்துறையின் கணினி சொல்கிறது. கணினி சொன்னதை டாக்டர் ஹாலம் மேடையேறிச் சொன்னார். சேர்மன் க்ரூபர் கைதட்டி ஆமோதித்தார். செய்தித்தாளில் படத்துடன் வந்தது. இவ்வளவு பேர் சொன்னதை மறுத்துப் பேச நான் யார்? பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ஏரிக்கரை விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிப்பவள். நான்கு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் குரல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் நான் அவனோடு ஒரே வீட்டில் இருந்தவள். குளியலறைச் சுவர் எங்கள் இருவருக்கும் பொது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வாந்தியெடுப்பது இந்தப் பக்கம் என் தலையணைக்குக் கேட்கும்.

ஜனவரியில், ஏரி நன்றாக உறைந்திருந்த சமயம், வயிற்று வலி தாங்காமல் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவருக்கு ஆர்னியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நானும் கூடப் போனேன்.

"இவருக்கு வயசு இருபத்திமூணு. கணையத்தைப் பார்த்தா அறுபது வயசுக் குடிகாரரோடதுன்னுதான் சொல்வேன். இந்தத் தடவை தப்பிச்சுட்டார். திரும்பவும் இப்படிக் குடிச்சுட்டு வந்தா என்னால எந்த வாக்கும் குடுக்க முடியாதும்மா."

அம்மா டப்பா மீன் ஆலையில் நின்று வேலை செய்கிறவள். நேராகக் கேட்டாள். "சரி, என்ன பண்ணணும்?"

"ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு இல்லம் இருக்கு. அங்கேயே தங்க வெச்சுக் குடியை நிறுத்துவாங்க. செலவு மாவட்டத்தோடது. ஆனா நலத்துறை அனுப்பினாத்தான் சேர்த்துக்குவாங்க."

கட்டிலில் படுத்திருந்த ஆர்னி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "அங்க மீன் பிடிக்க விடுவாங்களா?" என்றான்.

"விடுவாங்க. தோணிகூட இருக்கு."

"அப்ப போறேன்."

அவனாகவே சொன்னான். யாரும் கெஞ்சவில்லை, அழவில்லை. குடிக்கிற ஒருவன் தானாக வாயைத் திறந்து போகிறேன் என்று சொல்லிவிட்டான். மீதியெல்லாம் சுலபம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் டாக்டர் ஹாலம் வந்தார். அவர் டாக்டர்தான், ஆனால் உடம்புக்கு அல்ல. நலத்துறையின் இளைஞர் நிதானப் பிரிவுக்கு இயக்குநர். கையில் ஒரு நீளமான குழாய்ப் பை வைத்திருந்தார். பிரித்து இழுத்ததும் அதிலிருந்து ஆள் உயரப் பதாகை ஒன்று எழுந்து, குளுக்கோஸ் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு கைப்பேசி சிரிக்கிற படம். மேலே 'அளவுத் தோழன்' என்று எழுதியிருந்தது.

"ஆர்னி, நாங்க யாரையும் குடிக்காதேன்னு சொல்றதில்ல," என்றார். "அது பழைய முறை. மிரட்டறது, புத்தி சொல்றது, பூட்டி வைக்கிறது, இதெல்லாம் எங்ககிட்ட கிடையாது. நாங்க கேக்கறோம். அவ்வளவுதான். வியாழக்கிழமை உன் போன்ல ஒரு கேள்வி வரும். இந்த வாரக் கடைசியில எத்தனை குடிக்கலாம்னு இருக்கேன்னு. ஞாயித்துக்கிழமை இன்னொரு கேள்வி. எத்தனை குடிச்சேன்னு. ஒரு எண்ணைத் தட்டி அனுப்பினாப் போதும். கேக்கறதுதான் சிகிச்சை."

"அந்த இல்லம்?" என்றாள் அம்மா.

"அதுவும் இதுலதாம்மா அடக்கம். அவன் போடற எண்ணைப் பார்த்துத் தோழன் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு நிறம் காட்டும். சிவப்பு வந்த அன்னிக்கே இல்லத்துல படுக்கை. நாங்களே கார் அனுப்புவோம். இதுல மனுஷங்க தலையீடே கிடையாது. அதுதான் இதோட பெருமை."

ஆர்னி கைப்பேசியைக் கொடுத்தான். அவர் எதையோ அழுத்தினார். பதாகையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்தக் கட்டிலில் இருந்தவருக்கு எண்பது வயது. அவரிடமும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் வயதைக் கேட்டார்.

வியாழக்கிழமை கேள்வி வந்தது. ஆர்னி அப்போது சமையலறையில் நின்று ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"ஜூனி, இங்க பாரேன். 'ஹாய் ஆர்னி'ன்னு என் பேரைச் சொல்லிக் கேக்குது."

"கம்ப்யூட்டர்டா அது."

"இருக்கட்டுமே. என்னை யாரு இப்படிக் கேட்டிருக்காங்க? ஆலையில சூப்பர்வைசர் கேப்பான், ஏன்டா லேட்டுன்னு. அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கேள்வி வந்தபோது அவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு சோபாவில் கிடந்தான். இடது கையால் 2 என்று அழுத்தினான். திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. 'அபாரம் ஆர்னி! நீ பச்சை!' என்று வந்தது.

"ரெண்டா?" என்றேன்.

"ஆமா."

"டேய், நேத்து உன்னை ரஸ் தன் பனி அள்ளுற வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தாரு. ஒரு கால் பூட்ஸ் இன்னும் அந்த வண்டியிலதான் கிடக்கு. ரெண்டு பீருக்கா அது?"

அவன் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "நான் குடிச்சது ரெண்டுதான், குட்டி. மத்ததெல்லாம் மத்தவங்க வாங்கிக் குடுத்தது."

இதில் அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் எல்லோருடைய கணக்கும் அதுதான். வெர்லாவின் பாரில் நீங்கள் ஒரு பீரோடு உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தவர் யாராவது வந்தால், உங்களுக்கும் ஒன்று சொல்வார். உங்கள் பீர்தான் இன்னும் தீரவில்லையே? அதனால் வெர்லா ஒரு சின்னக் கிளாஸை எடுத்து உங்கள் முன்னால் கவிழ்த்து வைப்பாள். உங்களுக்கு ஒன்று காத்திருக்கிறது, பணம் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். இன்னொருவர் வந்தால் இன்னொரு கிளாஸ் கவிழும். கவிழ்ந்த கிளாஸை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனால், வாங்கிக் கொடுத்தவரை முகத்தில் அறைந்ததுபோல. அப்படி எழுந்து போன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஏணி கொடுக்க ஆள் வரவில்லை.

இப்படிக் குடிப்பதை யாரும் குடி என்று சொல்வதில்லை. அது மரியாதை. நீங்கள் குடிப்பது என்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது மட்டும்தான். ஆர்னி கேலி பேசி எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன். அவன் முன்னால் எப்போதும் கிளாஸ்கள் கவிழ்ந்திருக்கும்.

மூன்று ஞாயிறுகள் பார்த்தேன். இரண்டு, இரண்டு, ஒன்று. பச்சை, பச்சை, நல்ல பச்சை. நான்காவது வாரம் வேலையிலிருந்து நேராக நலத்துறைக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

டாக்டர் ஹாலம் என்னை அன்பாக உட்கார வைத்தார். சாக்லேட் கொடுத்தார். சுவரில் பெரிய திரை. எங்கள் மாவட்டத்தின் வரைபடத்தில் புள்ளிகள் மின்னின.

"அதோ பார். அதுதான் உங்க அண்ணன்," என்று எங்கள் தெருவைக் காட்டினார். "இந்த மாவட்டத்துலயே பச்சையான புள்ளி."

"டாக்டர், அவன் ரெண்டு இல்ல. நிறையக் குடிக்கறான். மத்தவங்க வாங்கிக் குடுக்கறதை அவன் எண்ணறதில்ல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. எனக்காக வருத்தப்படுகிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரமானது.

"ஜூனி, குடும்பத்துல உள்ளவங்க சொல்றதை எங்க துறையில இரைச்சல்னு சொல்வோம். தப்பா எடுத்துக்காதே. அது ஒரு கலைச்சொல். குடிச்சது யாரு? ஆர்னி. அப்ப யாருக்குத் தெரியும்? ஆர்னிக்கு. நாங்க இளைஞர்களை நம்பறோம். நீ நம்பறதில்லையா?"

"வாந்தியில ரத்தம் வருது."

"தோழன் வாந்தியைப் பத்திக் கேக்குதா?"

"இல்ல."

"கேக்காத கேள்விக்கு வந்த பதிலை நான் எங்கம்மா போடறது? அதுக்குக் கட்டமே இல்லையே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு சொல்றேன். அவன் ஒரு கேள்வியைக்கூடத் தவறவிட்டதில்ல. வந்த நிமிஷமே பதில் போடறான். எங்களுக்கு அதுதான் முக்கியம். நீ ரொம்பக் கவலைப்படறே. அதுக்கும் எங்ககிட்ட ஒண்ணு இருக்கு. போனைக் குடு."

அன்றிலிருந்து என் கைப்பேசியிலும் கேள்வி வந்தது. அதன் பெயர் 'அக்கறைத் தோழி'. 'ஹாய் ஜூனி! இன்று எவ்வளவு கவலைப்பட்டாய்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்.' நான் ஐந்து போட்டேன். 'நன்றி! ஆழமாக மூச்சு விடு' என்று வந்தது. விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்னி தூங்கிக்கொண்டிருந்தபோது அவன் கைப்பேசியை எடுத்தேன். கேள்வி வந்திருந்தது. வெர்லாவிடம் விசாரித்து வைத்திருந்தேன். வெள்ளியும் சனியும் சேர்த்து முப்பத்தொன்று. அதைத் தட்டினேன். சிவப்பு வரும், கார் வரும், அவனை எழுப்பிச் சட்டை மாட்டி அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அனுப்பினேன்.

'ஹாய் ஆர்னி! விரல் தவறிவிட்டது போலிருக்கிறது. 3 என்று சொல்ல வந்தாயா?'

இல்லை, 31 என்று மறுபடி தட்டினேன்.

'இருபத்தைந்துக்கு மேற்பட்ட எண்கள் தட்டச்சுப் பிழையாகக் கருதப்படும். உன் பதிலை 3 என்று பதிந்துகொண்டோம். அபாரம்! நீ பச்சை!'

வண்ணக் காகிதங்கள் கொட்டின. ஆர்னி சத்தம் கேட்டுப் புரண்டு படுத்து, "என்ன, பச்சையா?" என்றான். ஆமாம் என்றேன். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனான். அன்றிலிருந்து பதில் போடும்வரை கைப்பேசியை அவன் கையைவிட்டு வைக்கவில்லை.

ஏப்ரலில் அவனுக்கு விழா எடுத்தார்கள். 'மாவட்டத்தின் நிதான இளைஞன்'. ஒரு கேள்வியையும் தவறவிடாமல், ஒரு முறையும் மூன்றைத் தாண்டாமல், பச்சையிலேயே நின்றவன் அவன் ஒருவன்தானாம். எங்கள் ஊரில் நூறு பேர் உட்காரக்கூடிய கூடம் ஒன்றே ஒன்றுதான். அது வெர்லாவின் பாருக்குப் பின்னால் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை மீன் வறுவல் போடுகிற நேரத்திலேயே வைத்துக்கொண்டார்கள். கூட்டம் தானாக வரும் என்று. மேடைக்குப் பின்னால் இரண்டு பதாகைகள் நின்றன. ஒன்று அளவுத் தோழன். இன்னொன்று விழாச் செலவை ஏற்றுக்கொண்ட பீர் ஆலையுடையது.

சேர்மன் க்ரூபர் முதலில் பேசினார். "நம்ம மாவட்டத்துல பள்ளிக்கூடம் மூணு, பார் நாப்பது. அப்ப இளைஞர்களை எங்க போய்ப் பார்க்கறது? அவங்க இருக்கற இடத்துலதான்! அதனாலதான் இந்த விழா இங்க. மதுவுக்கு நான் எதிரி இல்ல. எங்கப்பா இதே பார்லதான் என்னை சேர்மன் ஆக்கினாரு. மது இல்லாம இந்த மாவட்டத்துல ஒரு தேர்தல் நடந்ததில்ல, ஒரு கல்யாணம் நடந்ததில்ல, ஒரு சாவு நடந்ததில்ல." கூட்டம் கைதட்டியது.

அடுத்து டாக்டர் ஹாலம். "தோழன் வர்றதுக்கு முன்னாடி எங்க கேள்விக்குப் பதில் சொன்ன இளைஞர்கள் எத்தனை பேர்? ஒருத்தர்கூட இல்ல! இன்னிக்கு நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர்! சிலர் கேக்கறாங்க, அப்ப குடி குறைஞ்சுதான்னு. அது ரொம்ப அவசரமான கேள்வி. முதல்ல பதில் சொல்ற பழக்கம் வரணும். குடியை அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துல பார்த்துக்கலாம்."

ஆர்னிக்குக் கண்ணாடிப் பட்டயம் கொடுத்தார்கள். அவன் இஸ்திரி போட்ட சட்டையில் கூச்சத்தோடு நின்றான். எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் பரிசு வாங்கியதில்லை. அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு எல்லோரும் முன்பக்கம் பாருக்கு வந்தோம். சேர்மன்தான் ஆரம்பித்தார். "வெர்லா, நம்ம நிதான இளைஞனுக்கு என் பேர்ல ஒண்ணு!" ஒரு கிளாஸ் கவிழ்ந்தது. பீர் ஆலைக்காரர் ஒன்று சொன்னார். பனிவண்டி ரஸ் சொன்னார். "இந்தப் பையனால நம்ம ஊர் பேப்பர்ல வரப்போகுது" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டாக்டர் ஹாலம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தான் மட்டும் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அவரும் ஒன்று சொன்னார். ஆர்னியின் முன்னால் கிளாஸ்கள் இரண்டு வரிசைக்கு வந்துவிட்டன.

"வேணாம்டா, வா போயிடலாம்," என்று அவன் காதில் சொன்னேன்.

"எப்படி குட்டி? எனக்காகத்தானே எல்லாரும் வந்திருக்காங்க."

அப்போது என்னை மீறி ஒன்று நடந்தது. நான் ஸ்டூல்மேல் ஏறி நின்றேன். அத்தனை முகங்களும் திரும்பின. தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் காணாமல் போய், ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"எங்க அண்ணனுக்கு ஒரு படுக்கை வேணும்."

சேர்மன் பலமாகச் சிரித்தார். "கேட்டீங்களா? தங்கச்சி சொல்லுது, இதுக்கு மேல அவன் தாங்கமாட்டானாம், படுக்கையைப் போடுன்னு! வெர்லா, தங்கச்சிக்கும் ஒண்ணு!" எல்லோரும் சிரித்தார்கள். ஆர்னி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

அடுத்த வியாழக்கிழமை அவன் என் அறை வாசலில் வந்து நின்றான். முகம் மஞ்சளடித்திருந்தது.

"ஜூனி, ஒண்ணு கேக்கவா? சிரிக்கக் கூடாது."

"கேளு."

"அன்னிக்கு விழாவுல நான் ஒண்ணுகூட வாங்கல. என் கணக்கு பூஜ்யம்தானே? ஆனா அதுக்கப்புறம் மூணு நாள் எழுந்திரிக்க முடியல. அது எப்படி?"

அவன் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தான். அந்த வாரக் கேள்வி வந்திருந்தது. இந்த முறை அவன் எண்ணை அழுத்தவில்லை. இரண்டு கட்டை விரலாலும் நிதானமாக எழுதினான். பள்ளியை விட்ட பிறகு அவன் அவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததில்லை. 'நான் அந்த இல்லத்துக்குப் போகணும். என்னால நிறுத்த முடியல.'

'மன்னிக்கவும் ஆர்னி, புரியவில்லை. எண்ணில் மட்டும் பதில் சொல்லவும்.'

'ரொம்ப' என்று எழுதினான்.

'மன்னிக்கவும் ஆர்னி, புரியவில்லை. எண்ணில் மட்டும் பதில் சொல்லவும்.'

"பாவம், அதுக்கு அவ்வளவுதான் தெரியும்," என்றான். 2 என்று அழுத்தினான். காகிதங்கள் கொட்டின.

மறுநாள் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு நலத்துறைக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் ஆர்னியைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அய்யோ, நீங்களா! டாக்டர் இல்லீங்களே. தலைநகர்ல மாநாடு. உங்களைப் பத்திப் பேசத்தான் போயிருக்காரு."

"என்னைப் பத்தியா?"

"ஆமா, உங்க படத்தைப் பெரிசாப் போட்டு. திங்கட்கிழமை வந்துடுவாரு."

"வேற யாராவது இருக்காங்களா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அந்த இல்லத்துக்கு அனுப்பறதுக்கு?"

அவள் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "இவருக்கா? பச்சையா இருக்காரே. பச்சைக்கு அனுப்பற பட்டனே இதுல இல்லம்மா. டாக்டர்தான் மேலிடத்துல கேட்டு எழுதணும்."

"பரவாயில்ல," என்றான் ஆர்னி. "திங்கட்கிழமை வர்றேன்."

அந்தச் சனிக்கிழமைதான் மீன்பிடி பருவம் திறக்கிற நாள். மாவட்டமே ஏரியில் இருக்கும். விடுதியில் ஒரு அறை காலியில்லை. எனக்கு இரவுவரை துணி துவைக்கிற வேலை. அவன் வீட்டிலேயே இருப்பதாகச் சொன்னான். இருக்கத்தான் இருந்தான், மத்தியானம்வரை. செய்தித்தாளில் படத்தைப் பார்த்த தோணிக்காரர்கள், வெளியூர்க்காரர்கள் என்று யார் யாரோ வாசலில் வந்து வெர்லாவின் பாருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பருவம் திறக்கிற நாளில் வீட்டுக்குள் இருக்கிற ஆண்பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் அதே பெண் மருத்துவர்தான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"ஆர்னி, நேத்து எத்தனை குடிச்சீங்க?"

"ரெண்டு."

பக்கத்திலிருந்த உதவியாளர் கணினியைப் பார்த்து, "நலத்துறை பதிவும் ரெண்டுன்னுதான் இருக்கு, டாக்டர்," என்றார். மருத்துவர் கணினிப் பக்கம் திரும்பவே இல்லை. ஆர்னியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பதுக்கு மேல இருக்கும்," என்றேன்.

ஆர்னி என் பக்கம் தலையைத் திருப்பினான். கோபமில்லை, மனம் நொந்துபோயிருந்தான். "மத்தவங்க குடுத்ததையெல்லாம் என் கணக்குல போடாதே, குட்டி. அவங்க ஆசையாக் குடுத்தது."

திங்கட்கிழமை டாக்டர் ஹாலம் மாநாட்டிலிருந்து திரும்பினார். ஆர்னியால் போக முடியவில்லை. செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டான்.

டாக்டர் ஹாலம் வீட்டுக்கு வந்து அழுதார். நிஜமாகவே அழுதார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவரிடம் பேசுவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே, ஆர்னியின் மரணம் குடியால் நேர்ந்ததாகக் கணினி ஏற்கவில்லை, 'பிற காரணங்கள்' என்றுதான் பதிந்திருக்கிறது என்றார். வாரம் இரண்டு பீர் குடிப்பவன் குடியால் சாக முடியாதாம்.

"ரெண்டு இல்லன்னு நான் அப்பவே சொன்னேனே."

"சொன்னே. எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார். தலை குனிந்திருந்தது. "இப்பகூடத் திருத்தலாம், ஜூனி. குடிச்சவன் சொல்ல முடியாதப்ப, வாங்கிக் குடுத்தவங்க சொன்னா ஏத்துக்கலாம்னு ஒரு விதி இருக்கு. யாராவது சொல்லட்டும். நானே திருத்தறேன். சத்தியமா."

அடக்கம் முடிந்து எல்லோரும் வெர்லாவின் பின்கூடத்துக்குச் சாப்பிட வந்தார்கள். பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கும். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். நான் ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்றேன். என் வாழ்நாளில் அத்தனை பேரிடம் நான் பேசியதில்லை.

"ரஸ் மாமா, அந்தச் சனிக்கிழமை ஆர்னிக்கு எத்தனை வாங்கிக் குடுத்தீங்க?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். பெரிய உடம்பு குலுங்கியது. "ஒண்ணுதான்மா. சாமி சத்தியமா. ஒண்ணுதான்."

ஆலையில் ஆர்னியோடு வேலை செய்தவன், "ஒண்ணு" என்று ஒரு விரலைக் காட்டினான். ஏணி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், ஒன்று. அவர் மனைவி, அதே ஒன்றில் தனக்கும் பாதிப் பங்கு என்றாள். வெளியூர்த் தோணிக்காரர் ஒருவர் அவ்வளவு தூரத்திலிருந்து சாவுக்கு வந்திருந்தார். அவரும் ஒன்று. வெர்லா, "நான் யாருக்கும் சும்மா ஊத்தறதில்ல கண்ணு, உனக்கே தெரியும். அன்னிக்குப் பேப்பர்ல வந்த பிள்ளைன்னு கடைப் பேர்ல ஒண்ணு. ஒண்ணுதான்," என்றாள்.

சேர்மன் நான் வருவதற்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார். என் தோளில் கை வைத்து ஆறுதலாகச் சொன்னார். "நானும் ஒண்ணுதான் தங்கச்சி. பார்த்தியா, ஆளுக்கு ஒண்ணு. இந்த ஊர்ல யாருமே அளவை மீறல. அதை நினைச்சு மனசைத் தேத்திக்கோ."

டாக்டர் ஹாலமிடம் நான் கேட்கவில்லை. அவர் அந்தச் சனிக்கிழமை ஊரிலேயே இல்லை. அவராகவே எழுந்து என் முன்னால் வந்து, "விழா அன்னிக்கு," என்று ஆரம்பித்து, ஒரு விரலைத் தூக்கினார். முடிக்க முடியவில்லை.

நான் சமையல்கட்டுக்குப் போனேன். அம்மா அங்கே தனியாக நின்று, நிறைந்திருந்த தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கழுவச் சொல்லவில்லை. நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற எண்ணமே எனக்கு இல்லை. பக்கத்தில் நின்று ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அந்தச் சனிக்கிழமை ஷிப்ட் முடிச்சு நேரா இங்கதான் வந்தேன்," என்றாள் அம்மா. என்னைப் பார்க்கவில்லை. "எல்லாரும் அவனைச் சுத்தி நின்னாங்க. அவங்க அம்மா வந்துட்டாங்க, அவங்க அம்மா வந்துட்டாங்கன்னு எனக்கு வழி விட்டாங்க. என் பிள்ளைக்கு எல்லாரும் குடுத்துட்டாங்க. நான் மட்டும் சும்மா நிக்கறதா?"

தட்டு ஒன்று நுரைக்குள் வழுக்கியது. அவள் அதைத் தேடிப் பிடித்தாள்.

"ஒண்ணுதான், ஜூனி."